பித்தப்பையை எடுத்தாயிற்று, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பித்தப்பைக் கல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கல் ஏன் வருகிறது, எப்போது அறுவை தேவை என்பதெல்லாம் தெளிவாகவே இருந்தது. கடைசிப் பத்தியில் மட்டும், பித்தப்பை இல்லாமலும் வாழலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்குப் பேச வேண்டியது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பித்தப்பையை எடுத்துவிட்டு வாழ்கிறவள் நான். வாழலாம், உண்மை. எப்படி என்றுதான் ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

ஆபரேஷன் செய்தது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் காமாலை வரும். இன்னும் கீழே இறங்கி அடைத்தால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். வலி வந்து வந்து போகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. எடுத்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். என் ஓரகத்தியும் எனக்கு முன்னாலேயே எடுத்தவள்தான். பரோட்டாவும் சால்னாவும் இன்றைக்கும் அவளை ஒன்றும் செய்வதில்லை. நான் பேசுவது மிச்சமிருக்கிற எங்களைப் பற்றி.

திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 46. காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி அடைக்கும்வரை நிற்கிற வேலை. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகில் தோள்பட்டை எலும்புக்கடியில் போய்க் குத்துகிற வலி ரொம்ப காலமாக இருந்தது. எல்லாரும் வாய்வு என்றார்கள். பூண்டைச் சுட்டுத் தின்றேன், ஓமத்தண்ணீர் குடித்தேன், கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் சோடா வாங்கித் தருவார்கள். சொந்தக்காரர் வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கம் அதற்குச் சொதிதான், கெட்டித் தேங்காய்ப்பாலில். அதைச் சாப்பிட்டு வந்த ராத்திரி உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் விடிய விடிய வாந்தி. அதற்குப் பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். பை நிறையக் கல்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்று தெருவே வந்து சொன்னது. அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற கைவைத்தியம். இது வேறு இடம், வேறு கல். மாத்திரையிலாவது கரையாதா என்று கேட்டதற்கு, கொழுப்புச் சேர்ந்து உண்டாகிற சிறு கற்களில் சிலதான் அப்படிக் கரையும் என்றார் டாக்டர். வட இந்தியாவில் அந்த வகை அதிகமாம். நம் பக்கம் பித்தநீரின் நிறமியிலிருந்து உண்டாகிற கறுப்புக் கல் அதிகம், அதற்கு மாத்திரை பலிக்காது. ஆபரேஷன் முடிந்து என்னுடையதைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்: மிளகு மாதிரி, கன்னங்கரேல் என்று. அத்தை அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குலுக்கிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்த ராத்திரியே முதல் பயம். நாலு ஓட்டை போட்டது வயிற்றில், வலித்தால் வயிறுதானே வலிக்க வேண்டும்? எனக்கு வலது தோளில் தாங்க முடியாத வலி. மூச்சை இழுத்தால் கூடுகிறது. நெஞ்சுவலிதான் என்று வீட்டுக்காரர் பதறி, ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்த சின்ன வயசு டாக்டர், “ஒண்ணுமில்ல, கேஸ்தாம்மா” என்றார். மறுபடியும் வாய்வா என்று எனக்குக் கோபம். அப்புறம்தான் விளக்கினார். லேப்ராஸ்கோப்பி செய்யும்போது உள்ளே இடம் கிடைப்பதற்காகக் கார்பன் டை ஆக்சைடை ஊதி வயிற்றை உப்பவைப்பார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசைத் திரையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் தோள் வலிப்பதாகத்தான் மூளைக்குப் படும். எழுந்து நடமாடினால் சில நாளில் உடம்பே அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியேதான் ஆயிற்று. டிஸ்சார்ஜ் செய்கிறபோது இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

சொல்லாதவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. எங்கள் சித்திக்கு 1980களில் இதே ஆபரேஷனை வயிற்றைத் திறந்து செய்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள்; வார்டுக்கு வந்து போகிற நர்ஸம்மாவுக்கு, இதைத் தின்னு, அதைத் தின்னாதே, இப்படி வலித்தால் பயப்படாதே என்று சொல்ல நேரம் இருந்தது. 1985ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற அறுவை மருத்துவர் சிறு துளை வழியாகவே பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1990ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்று மறுநாளோ அதற்கு மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்லதுதான், கூலிவேலைக்காரர்களுக்கு ரொம்பவே நல்லது. ஆனால் படுக்கையில் கிடக்கிற நாள் குறைந்தபோது, நர்ஸம்மா சொல்லிக்கொடுக்கிற நேரமும் கூடவே போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கையில் கொடுப்பது இங்கிலீஷில் அச்சடித்த டிஸ்சார்ஜ் சம்மரி. என்னுடையதில் சாப்பாட்டைப் பற்றி ஒரே வரிதான். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடவும் என்று என் மகள் படித்துச் சொன்னாள். எவ்வளவு குறைக்க, எத்தனை நாளைக்கு, தேங்காய் ஆகுமா, முட்டை ஆகுமா, ஒரு விவரமும் கிடையாது.

தையல் ஆறி வேலைக்குப் போன பிறகுதான் நிஜமான பாடு தொடங்கியது. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் பஸ் ஏறுவேன். ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்கு வரும்போதே வயிறு கலக்க ஆரம்பிக்கும். டவுன் ஆர்ச் வருவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, உட்கார இடம் இருந்தாலும் உட்காராமல், கம்பியைப் பிடித்து நிற்பேன். மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீராகப் போகும், போன இடம் எரியும். வருகிறது என்று தெரிந்துவிட்டால் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. இதையெல்லாமா பேப்பருக்கு எழுதுவாய் என்று வீட்டில் கேட்டார்கள். யாரும் எழுதாததால்தான் அவரவர் தனக்கு மட்டும் இப்படி என்று நினைத்துப் பொத்திக்கொண்டு திரிகிறோம்.

எங்கள் கடையில் பெண்களுக்குக் கழிவறை மேல்மாடியில், ஸ்டாக் ரூமுக்குப் பின்னால். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவன் என் மகன் வயசுப் பையன். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த குடும்பம் மெத்தையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெண்ணின் அம்மாவுக்கு அரக்கு பிடிக்கும், மாப்பிள்ளையின் அக்காவுக்கு மயில்கழுத்து பிடிக்கும். மடியைப் பிரித்து முந்தியை விரித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து ஓட வேண்டிவரும். திரும்பி வருவதற்குள் அந்த பில் இன்னொருத்தி கணக்கில் ஏறியிருக்கும். “இப்பத்தானக்கா போயிட்டு வந்தீங்க” என்பான் பையன். அவனுக்கு என்ன பதில் சொல்ல? 2021ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. கேட்காமல் கழிவறைக்குப் போய் வருவதற்கும் ஒரு வழி பண்ணினால் புண்ணியமாகப் போகும். இது பித்தப்பை இல்லாதவர்களுக்கு மட்டுமான தேவையும் இல்லை.

வயிற்றைக் காயப்போட்டால் நிற்கும் என்று காலைச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. பார்த்த டாக்டர்களில் ஒருவர் அமீபா என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் குடல் எரிச்சல் நோய் என்றார். வேறொருவர், “டென்ஷன் ஜாஸ்தி உங்களுக்கு, மனசுதாம்மா காரணம்” என்று தூக்க மாத்திரை எழுதினார். பித்தப்பை எடுத்திருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுதான் பதில்.

சம்பந்தம் உண்டு என்று சொன்னவர், கடைசியாகப் போய்ப் பார்த்த குடல் நோய் மருத்துவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார். ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை எதையும் சுரப்பதில்லை. 30 முதல் 50 மில்லி கொள்கிற சின்னப் பை அது. பித்தநீரை வாங்கி வைத்துக் கெட்டியாக்கி, நெய்யோ எண்ணெயோ குடலுக்கு வந்ததும் சுருங்கி ஊற்றும். பை போய்விட்டால் ஈரல் சுரப்பதை நிறுத்தாது. வைத்துக்கொள்ள இடமில்லாமல் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்கு வந்துகொண்டிருக்கும், சாப்பிட்டாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி. அப்படி வருகிற பித்த அமிலத்தில் நூற்றுக்கு 95 பங்கைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி ஈரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். சிலருக்கு அதனால் சமாளிக்க முடியாமல் மிச்சம் பெருங்குடலுக்குள் இறங்கும். இறங்கிய இடத்தில் தண்ணீரைச் சுரக்கவைத்துக் குடலையும் முடுக்கிவிடும். பித்த அமில வயிற்றுப்போக்கு என்று இதற்குப் பெயரே இருக்கிறது. பித்தப்பை எடுத்தவர்களில் சுமார் பத்தில் ஒருவர் இருவருக்கு வயிறு இப்படி இளகிப் போகும், பலருக்குத் தானே அடங்கிவிடும், சிலருக்கு நீடிக்கும் என்றார். என்னைப் பார்த்துப் பேசாமல் படத்தைப் பார்த்தே பேசினார்; எனக்கு அழுகை வந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

கொலஸ்டிரமின் என்ற பொடியை எழுதிக்கொடுத்தார். ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்க வந்த பழைய மருந்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக் கட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். தண்ணீரில் போட்டால் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் ஆரஞ்சு வாசனையோடு நறநறவென்றுதான் தொண்டையில் இறங்கும். எங்கள் மருந்துக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் வரவழைத்துத் தருகிறார்கள். ஆனால் சில நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வர ஆரம்பித்தேன்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு, கவனிக்க வேண்டும். எனக்குத் தைராய்டு மாத்திரை இருக்கிறது. இந்தப் பொடி பித்த அமிலத்தோடு நிற்காது, கூட வருகிற மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளைப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், இல்லாவிட்டால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் கழித்துப் போட வேண்டும். என் தைராய்டு மாத்திரையை ராத்திரிப் படுக்கப்போகும்போது என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். நாள்பட எடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையலாம் என்பதால் ரத்தமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அளவு கூடினால் மலச்சிக்கல் வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டாம். இப்படி ஒன்று எனக்கு இருக்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், போதும்.

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பை போன பிறகும் பழைய இடத்தில் பழைய வலி எனக்கு எப்போதாவது வருகிறது. ‘பையையே எடுத்தாச்சு, இனிமே எங்க இருந்து கல்லு’ என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் கடையில் சுடிதார் பிரிவில் இருக்கிற ஒரு பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள், அவள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். குளிர்காய்ச்சல் வந்து, கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்துப் போனபிறகு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கல் நழுவிப் பொதுப் பித்தக்குழாயில் போய் உட்கார்ந்திருக்கிறது. வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு எடுத்தார்கள், ஈஆர்சிபி என்கிறார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ரத்தத்திலேயே நஞ்சு ஏறியிருக்கும் என்றார்களாம். பித்தப்பை எடுத்தவர்களுக்குக் காய்ச்சலோடு வலி, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுப்பது, மலம் வெளுப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு வாக்கியம் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் தமிழில் இருக்க வேண்டும் என்பேன்.

எனக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எம்ஆர்சிபி என்கிற பித்தக்குழாய் எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, பித்தக்குழாய் சுத்தம். வயிற்றுப் புண்ணும் இல்லை. எல்லா வலியையும் பித்தப்பை தலையில் கட்டக் கூடாது என்று அந்தக் குடல் நோய் மருத்துவர் இதயத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பித்தக்குழாய் குடலில் வந்து திறக்கிற வாயில் ஒரு சின்னத் தசை வளையம் இருக்கிறது, அது இறுகுவதால் வரலாம் என்கிறார். “அதை வெட்டிவிட்டால் போய்விடாதா சார்?” என்று கேட்டேன். முன்பு நிறையப் பேருக்கு அப்படித்தான் வெட்டினார்களாம். பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் வலிக்கிறவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள், 2014ல் வெளிவந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நிஜமாக வெட்டினார்கள் என்றும், மற்றவர்களுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுவிட்டு வெட்டாமலே திரும்பினார்கள் என்றும், வெட்டியதால் தனிப் பலன் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அந்தக் குழாய் விடுகிற வேலையே சில சமயம் கணையத்தை வீங்கவைத்துவிடும். அதனால் எனக்கு வேண்டாம் என்றார். மறுத்ததற்காக ஒரு டாக்டருக்கு நன்றி சொன்னது என் வாழ்க்கையில் அதுதான். வலி வருகிற நாளில் அவர் எழுதித்தந்த மாத்திரையைப் போட்டுக் கொஞ்சம் படுக்கிறேன். அடங்கிவிடுகிறது. ஏதோ பெரிதாக இருக்கிறது என்ற பயம் போனபிறகு அதே வலி பாதியாகத்தான் தெரிகிறது.

சாப்பாட்டில் நானாகத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் உண்டு. எண்ணெயே வேண்டாம் என்று ஒதுக்கினால் உடம்பு வற்றிப்போகும். ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டால் தாங்குகிறது. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் தக்காளித் துவையல், அல்லது அதே தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி மட்டும். வெறும் வயிற்றில் காப்பி ஆகவே ஆகாது. பூரி, வடை நான் மறந்தே போனேன். வாழைப்பழமும் ஓட்ஸ் கஞ்சியும் வயிற்றைக் கட்டுகின்றன. டவுனில் வேலை பார்த்துக்கொண்டு அல்வாவைத் தொடாமல் இருப்பது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். லீவு நாளில், வீட்டில் இருக்கும்போது, கொஞ்சம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் அத்தைக்குப் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற பெண்ணுக்கு எங்கள் வீட்டில் யாருக்கு என்ன என்பது அத்துப்படி. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் உண்டா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கண் மஞ்சளிக்கிறதா என்று அவரே கேட்டுக் குறித்துக்கொள்ள அதிகச் செலவு ஆகாது. ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரிகள், அரசோ தனியாரோ, தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்கட்டும். தையல் பிரிக்கக் கூப்பிடுவதுபோல ஒரு மாதம் கழித்தும் ஒருமுறை கூப்பிட்டு, வயிறு எப்படிப் போகிறது என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். நாங்களாகச் சொல்ல மாட்டோம், அதுவும் பெண்கள் ஆண் டாக்டரிடம் சொல்லவே மாட்டோம்.

தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கல்லைப் பற்றி ஒரு பக்கம் ஒதுக்கியது போலக் கல் எடுத்தபிறகு என்ன என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குடல் நோய் மருத்துவர் ஒருவரை வைத்து வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் செய்யுங்கள். என் கேள்வியை இப்போதே எழுதிவிடுகிறேன்: இந்தப் பொடியை ஆயுசுக்கும் குடித்துக்கொண்டிருக்க வேண்டுமா, நடுவில் நிறுத்திப் பார்க்கலாமா? தீபாவளி வியாபாரம் முடிகிறவரை நிறுத்திப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.

(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்துள்ளேன். கடையில் எல்லாரும் தங்கள் நாளிதழ்தான் படிக்கிறார்கள், பெயரைப் போட்டுவிட வேண்டாம்.)